மூன்று டாகுமெண்டரியும் ஒன்றரை லட்சமும்

செமஸ்டர் லீவில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஹாஸ்டல் நண்பன் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்த டாகுமெண்டரி படங்களில் மூன்றைப் பார்த்து முடித்தேன். டாகுமெண்டரி என்றாலே கொட்டாவிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இதில் ஒரு படம் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. காரணம் படம் மட்டும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்த்தது 'சூப்பர் சைஸ் மீ' (2004). மார்கன் ஸ்பர்லாக் என்பவர் 30 நாள் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸில் மட்டுமே சாப்பிட்டு, 11 கிலோ எடை கூடி, கல்லீரல் கெட்டு டாக்டர்களை மிரள வைக்கிறார். ஜாலியான படம். முடிந்ததும் இனி பரோட்டா கிடையாது என்று முடிவெடுத்தேன். (இரண்டு நாள் தாங்கியது.) அப்புறம்தான் தேடிப் படித்தேன். பல வருடமாகத் தனக்கிருந்த குடிப்பழக்கத்தைப் பற்றி 2017-இல் அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கல்லீரலைக் கெடுத்தது பர்கரா, பாட்டிலா? எங்கள் பாஷையில் சொன்னால், நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸில் வந்திருக்க வேண்டிய விஷயத்தை மனிதர் மறைத்துவிட்டார். 2024-இல் இறந்தும் போய்விட்டார், பாவம்.

அடுத்தது 'என்ரான்: தி ஸ்மார்ட்டஸ்ட் கைஸ் இன் தி ரூம்' (2005), இயக்கியவர் அலெக்ஸ் கிப்னி. பி.காம் படிக்கிற எல்லோரும் பார்க்கலாம். முதலாம் ஆண்டில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்வோமே, 'வரப்போகிற நஷ்டத்துக்கு ஒதுக்கு, வராத லாபத்தைக் கணக்கில் எடுக்காதே' என்று. என்ரான் செய்தது அப்படியே தலைகீழ். மார்க் டு மார்க்கெட் என்ற முறையில் கணக்கெழுத 1992-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் அனுமதி வாங்கினார்கள். அதைக் கொண்டாடவும் செய்தார்கள்! இருபது வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டால், இருபது வருடமும் வரக்கூடிய லாபத்தை மதிப்பிட்டு இன்றைக்கே கணக்கில் காட்டிவிடலாம். மதிப்பிடுவது யார்? அவர்களேதான். மகாராஷ்டிராவின் தாபோல் மின் திட்டமும் படத்தில் வருகிறது. வராத லாபத்துக்கு அதிகாரிகள் போனஸ் வாங்கிக்கொண்ட கதை.

இதையெல்லாம் தணிக்கை செய்தது ஆர்தர் ஆண்டர்சன், உலகின் ஐந்து பெரிய ஆடிட் நிறுவனங்களில் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் என்ரானிடம் ஆடிட்டுக்கு 2.5 கோடி டாலர் வாங்கினார்கள். ஆலோசனைக்கு என்று தனியாக 2.7 கோடி! ஒரு கையில் ஆலோசனை, மறு கையில் தணிக்கை. அந்தக் கை எப்படிக் கையெழுத்துப் போட மறுக்கும்? 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. படத்தில் ஒரு லைன்மேன் வருகிறார், கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர். ஓய்வுக்காலத்துக்கு என்று வைத்திருந்த பங்குகள் உச்சத்தில் 3,48,000 டாலர். விற்றது 1,200 டாலருக்கு. அவர் அழவில்லை, கத்தவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

விஷயம் இதுதான். போன வருடம் அம்மாவுக்குச் சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம் வந்தது. எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு நிதி கம்பெனியில் லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மா நோட்டீஸையும் பத்திரத்தையும் என்னிடம் நீட்டி, "நீதானடா காமர்ஸ் படிக்கிற, பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். ரிஜிஸ்டர் நம்பர் இருந்தது. ஆடிட்டர் சீல் இருந்தது. "கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கும்மா, ஆடிட் பண்ணிருக்காங்க, போடலாம்" என்றேன். வருடத்துக்கு 36 சதவீதம் என்று உட்கார்ந்து கணக்கும் போட்டேன். பேங்க்கில் 7 சதவீதம்கூடச் சரியாக வராத காலத்தில் இவன் எங்கிருந்து தருகிறான் என்ற ஒரு கேள்வி மட்டும் வரவில்லை. ஐந்து மாதம் 4,500 வந்தது. ஆறாவது மாதம் ஷட்டர் மூடியிருந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பெரிய கொடுமை.

படத்தில் குறையே இல்லையா என்றால் உண்டு. ஓர் அதிகாரி கேளிக்கை விடுதிக்குப் போனதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஆண்டர்சன் அலுவலகத்துக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

மூன்றாவது 'இன்சைட் ஜாப்' (2010), சார்லஸ் ஃபெர்கூசன் இயக்கியது. 2008 நிதி நெருக்கடி பற்றி. ஆஸ்கர் வாங்கிய படம். சி.டி.ஓ., ஸ்வாப் என்று வருகிற இடங்களை இரண்டு தடவை ஓட்டித்தான் புரிந்துகொண்டேன். அதை விடுங்கள். பேராசிரியர்களைக் கேள்வி கேட்கிற பகுதிதான் படமே! ஃபிரெட்ரிக் மிஷ்கின், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர்களில் ஒருவராக இருந்தவர். 2006-இல் ஐஸ்லாந்தின் நிதி நிலைமை திடமாக இருப்பதாக அறிக்கை எழுதினார். அதற்கு அந்நாட்டு வர்த்தக சபை கொடுத்தது 1,24,000 டாலர். 2008-இல் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தன. பிறகு அவருடைய பயோடேட்டாவில் 'நிதி நிலைத்தன்மை' என்ற தலைப்பு 'நிதி நிலையின்மை' என்று மாறியிருக்கிறது. கேமரா முன்னால் கேட்டால், டைப்பிங் தவறாக இருக்கலாம் என்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் புத்தகம் எங்கள் லைப்ரரியில் இருக்கிறது, அசைன்மெண்டுக்கு அதிலிருந்துதான் எழுதினேன். எதை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, மத்திய வங்கியை நம்பினேன் என்கிற மாதிரிதான் பதில் வருகிறது. நானும் ஒரு ரப்பர் ஸ்டாம்பை நம்பியவன்தானே. அவருக்குக் காசு வந்தது, எனக்கு வரவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

நேற்று இரவு என்ரான் படத்தைத் திரும்பவும் போட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் புரியாது என்பதால் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆடிட்டர் பகுதி வந்தபோது நாக்கு கொஞ்சம் தடுமாறியது. அம்மா எதுவும் கேட்கவில்லை. லைன்மேன் வந்ததும் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அந்த ஆளுக்குப் பணம் திரும்பக் கெடச்சுதாடா?"

"படத்துல அத சொல்லலம்மா" என்றேன்.