மூன்று நாளுக்குப் பின்னும் விருந்தாளி



2015-இல் சென்னை வெள்ளத்தின்போதும், 2018-இல் கேரள வெள்ளத்தின்போதும், 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவின்போதும் நம் இளைஞர்கள் பல ஊர்களிலிருந்தும் நிவாரணப் பணிக்குப் புறப்பட்டுச் சென்றதைக் கண்டோம். போகுமுன் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று பெரியவர்களிடம் கேட்கிறார்கள். நாமும் ஒரு பட்டியலைச் சொல்லி அனுப்புகிறோம். ஆனால், துயருற்ற ஒரு குடும்பத்தின் வீட்டில் எப்படித் தங்குவது என்று கேட்போர் மிகக் குறைவு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

2005 பிப்ரவரி நடுவிலிருந்து ஏழு வார காலம் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் ஒரு குடும்பத்துடன் நான் தங்கியிருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். அங்கு மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கடலை ஒட்டி நெருக்கமாக அமைந்த முஸ்லிம் ஊர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். வீடுகளோடு தறிகளையும் அலை கொண்டுபோனது.

மேலூரில் மோட்டார் பம்பு பழுதுபார்ப்பது என் தொழில். கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவு செய்ய ஆட்கள் தேவை என்று அறிந்து, நண்பர்கள் சிலருடன் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து இரவுப் பேருந்தில் பயணம் செய்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் எங்களை ஒவ்வொருவராகப் பிரித்து ஒவ்வொரு வீட்டில் தங்கவைத்தனர். எனக்குக் கிடைத்த வீடு பிரதான வீதிக்கு மேற்கே, கடல் எட்டாத இடத்தில் இருந்தது.

வீட்டில் நெசவாளரான வாப்பா, உம்மா, மணமாகாத இளைய மகள், ஏழு வயதுப் பேரன் ஆகியோர் இருந்தனர். மூத்த மகளும் அங்கேதான் இருந்தார். அவருடைய கணவரும் கடற்கரையோர வீடும் அலையில் போய்விட, அவர் உள்ளறையில் இத்தா இருந்துகொண்டிருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட அந்தக் காலம் முடிய மே மாதம் ஆகும். நானோ ஏப்ரல் தொடக்கத்தில் திரும்ப வேண்டியவன்.

அந்நிய ஆண் ஒருவன் அவ்வீட்டில் தங்குவது எளிய காரியமன்று. என் பாயை வீதிப் பக்கத்து விறாந்தையில் போட்டுக்கொண்டேன். சுபுஹுக்கு முன்பே எழுந்து, பெண்கள் கிணற்றடிக்கு வருவதற்குள் குளித்து முடித்துப் பள்ளிக்குப் போய்விடுவேன். முற்றத்தைத் தாண்டுமுன் சலாம் சொல்லி, பேரன் வந்து “வாங்க” என்று அழைக்கும்வரை நிற்பேன். அனுமதி கேட்டு, சலாம் கூறிய பின்னரே பிறர் இல்லங்களுக்குள் நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் கட்டளையிடுவதைச் சிறு வயது முதல் ஓதியிருக்கிறோம். துக்கம் குடியிருக்கும் வீட்டில் ஏழு வாரம் அப்படி நின்றபோதுதான், அந்தக் கட்டளை ஒரு குடும்பத்துக்கு எத்தனை பெரிய நிம்மதி என்பது எனக்கு விளங்கியது. மூத்த மகளின் முகத்தை நான் இறுதிவரை பார்த்ததில்லை. அவர் குர்ஆன் ஓதும் ஓசை மட்டும் இரவில் கேட்கும்.

மொழி ஒன்றுதான், ஆயினும் அதையும் பழக வேண்டியிருந்தது. நாம் கைலி என்பதை அவர்கள் சாரம் என்கிறார்கள். பால் கலக்காத தேநீர் அங்கே பிளேன்டி. நாம் அக்கா என்று அழைப்பவர் அவர்களுக்கு ராத்தா. நான் ஊரிலிருக்கும் என் அத்தாவைப் பற்றிச் சொன்னபோது, பேரன் அதை ராத்தா என்று கேட்டுக்கொண்டு, “அவவுக்கு எத்தனை புள்ளைகள்?” என்று வினவினான். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அன்றுதான் எழுந்தது. உம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதல் நாளிலிருந்தே “மகன்” என்றே அழைத்தார்.

என் மனத்தை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. விருந்தோம்பல் மூன்று நாள். அதற்குப் பின் அளிப்பது தர்மம். வீட்டாரை நெருக்கடிக்கு உள்ளாக்கும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நிவாரண அரிசியும் பருப்பும் உண்டு வாழும் குடும்பத்திடம், உதவ வந்த நான் நான்காம் நாள் முதல் தர்மம் பெறுவதா? கையில் காசைக் கொடுத்தால் வாப்பாவின் முகம் வாடும் என்பதும் தெரிந்தே இருந்தது.

மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்ட வரலாறு நினைவுக்கு வந்தது. நான்காம் நாள் காலை உம்மாவிடம், “நம் வீட்டுச் சந்தை வேலையை இனி நான் பார்க்கிறேன்” என்றேன். சற்று யோசித்துவிட்டுப் பையை எடுத்துத் தந்தார். விருந்தாளியின் காசை வாங்காத கை, மகன் வாங்கி வரும் தேங்காயையும் காய்கறியையும் மறுக்கவில்லை. மீன் மட்டும் வாங்க வேண்டாம் என்றார். கடல் எத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தது! பல வீடுகளில் அப்போது மீன் சமைப்பதில்லை.

அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தையும் இங்கே நினைக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் அங்கு ஏறத்தாழ ஏழு மாதம் தங்கியதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன. காண வருவோருக்கு எளிது என்று கீழ்த்தளத்தையே தேர்ந்தார்கள். மேல்தளத்தில் ஒருநாள் தண்ணீர்க் குடம் உடைந்தபோது, ஒரு சொட்டும் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அத்தம்பதியர் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் துடைத்தெடுத்தனர். விருந்தாளி அறியாமலேயே வீட்டார் எத்தனை பதைபதைப்பைச் சுமக்கின்றனர் என்பதற்கு இது சான்று. உம்மா தமக்குக் குறைத்துக்கொண்டு என் தட்டில் பிட்டை வைப்பதைப் பார்த்த பிறகு, பேரனை என்னோடு ஒரே தட்டில் உண்ண அமர்த்திக்கொண்டேன். தட்டில் மிகுவது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது.

தொழிலிலும் அவர்களிடம் கற்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் பாறையைக் குடைந்து ஆழமாகக் கிணறு வெட்டுவோம். அங்கேயோ மணல் தரை. சில அடிகளிலேயே தண்ணீர். மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. பம்பு வைத்து வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும், மணற்சுவரும் சரியும். அதனால் சேற்றையும் குப்பையையும் அகற்றிவிட்டு, அளவோடு இறைத்து நிறுத்துமாறு பொறியாளர்கள் அறிவுறுத்தினர். உம்மா அதையே தம் மொழியில் சொன்னார்: “இறைக்க இறைக்க உப்புத்தான் மகன் மேலே வரும். மழை வந்து கழுவட்டும்.”

இரவில் வாப்பா விறாந்தையில் வந்து அமர்வார். அவருடைய கவலை இளைய மகளைப் பற்றியது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். ஆகவே, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டித் தருவது பெற்றோர் மேல் விழும் சுமை. அச்சமயம் அரசு, வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்திருந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீட்டர். இளைய மகளுக்கென எழுப்பிய அரைகுறைச் சுவர்கள் அந்த எல்லைக்குள் இருந்தன. மேற்கே வயல், நடுவே இடைவெளியின்றி வீடுகள். வேறு மனை எங்கே? தறியும் இல்லை. “வீடில்லாத பிள்ளையை யார் கேட்டு வருவாங்க?” என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தோடு தங்குபவனுக்குக் கிணற்று வேலையைப் போலவே இதுவும் ஒரு வேலை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு வாப்பாவிடமிருந்து ஒரு பொதி வந்தது. புதிய தறியில் நெய்த ஒரு சாரமும், சுவர்கள் மீண்டும் எழும்புகின்றன என்ற செய்தி தாங்கிய கடிதமும் அதில் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

பணிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சில வார்த்தைகளைச் சொல்லி அனுப்புங்கள். தங்கும் வீட்டின் நேரத்துக்குத் தன் நேரத்தை அமைத்துக்கொள்ளட்டும். வீட்டார் தாமாகப் பேசும்வரை இழந்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். துயரத்தில் இருப்பவர்களைப் படம் எடுக்க வேண்டாம். மூன்று நாள் கழிந்தால், அவ்வீட்டின் அன்றாட வேலைகளில் ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளட்டும். பரிமாறும்போது தட்டை மட்டுமின்றி அடுப்படியையும் நினைக்கட்டும். திரும்பிய பின் ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ தவறக் கூடாது.

தமக்கே தேவை இருந்தும் பிறருக்கு முன்னுரிமை அளித்த அன்சாரிகளைத் திருமறை புகழ்கிறது. அத்தகைய உள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும்போது, அவர்களுக்குப் பாரமாகாமல் தங்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.