மரியானோ கிராமத்து மௌனசாமி

வெனிஸுக்குக் கிழக்கே, ஸ்லோவேனிய எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இத்தாலிய மூலைக்கு ஃப்ரியூலி என்று பெயர். மலையிலிருந்து பச்சைப் பசேலென்று இறங்கிவரும் இஸோன்ஸோ ஆறு, திராட்சைத் தோட்டங்கள், மக்காச்சோள வயல்கள். முதல் உலகப் போரில் இந்த ஆற்றையொட்டி மட்டும் 12 பெரும் சண்டைகள் நடந்தன. இங்குள்ள பலருக்குத் தாய்மொழி இத்தாலியன் அல்ல, ஃப்ரியூலியன். அதிகம் பேசாமல் வேலையைப் பார்ப்பவர்கள் என்று மற்ற இத்தாலியர்கள் இவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு.

இந்த வட்டாரத்தில் சுமார் 1,500 பேர் வசிக்கும் சின்ன கிராமம், மரியானோ தெல் ஃப்ரியூலி. வெனிஸ் வரை வரும் சுற்றுலாப் பயணிகள் எட்டிக்கூடப் பார்க்காத ஊர். ஆனால், கால்பந்து தெரிந்தவர்களுக்கு இது புண்ணிய பூமி. 1942 பிப்ரவரி 28-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் கோல்கீப்பர் டீனோ ஸோஃப் பிறந்தது இங்கேதான்.

14 வயதில் இன்டர் மிலான், யுவெண்டஸ் இரண்டு கிளப்புகளும் 'உயரம் போதாது' என்று பையனைத் திருப்பி அனுப்பிவிட்டன. மெக்கானிக் வேலை பழகினான். வீட்டில் பாட்டி ஒரு வைத்தியம் செய்தார்: தினமும் எட்டு முட்டை! முட்டையின் மகிமையோ, வயதின் வேகமோ, ஸோஃப் ஆறடியைத் தொட்டார்.

பக்கத்து நகரமான ஊதினேயின் அணிதான் முதலில் வாய்ப்புக் கொடுத்தது. 1961-ல் முதல் பெரிய போட்டி. எதிரணி ஃபியோரெண்டினா ஐந்து கோல் போட்டது! ஊதினே அணி அந்தக் காலத்தில் விளையாடிய மொரெத்தி மைதானம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பூங்கா இருக்கிறது.

பிறகு மாந்தோவா, நாப்போலி, 1972 முதல் யுவெண்டஸ். திருப்பி அனுப்பிய அதே யுவெண்டஸுக்கு ஆறு லீக் பட்டங்கள். தேசிய அணிக்காக 1,142 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடவில்லை. 1974 உலகக் கோப்பையில் அந்தச் சாதனையை முடித்துவைத்தவர் ஹைட்டி வீரர் சனோன்.

1978 உலகக் கோப்பையில் தூரத்திலிருந்து அடித்த பந்துகள் உள்ளே போக, 'கண் பார்வை மங்கிவிட்டது' என்று எழுதினார்கள். அவரைக் கைவிடாதவர் பயிற்சியாளர் என்ஸோ பெயர்ஸோத். அவருடைய சொந்த ஊரான ஆயெல்லோ, மரியானோவுக்குப் பக்கத்து ஊர்தான். ஊர்ப்பாசம் என்று சிலர் சொல்லியிருக்கலாம். 1982-ல் பார்சிலோனாவில் பிரேசிலுடன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டின் மேலேயே விழுந்து அமுக்கிப் பிடித்தார் ஸோஃப். ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில் கோப்பையை வாங்கினார், 40 வயதில், கேப்டனாக. ஓவியர் குத்தூஸோ வரைந்த தபால் தலையில் கோப்பையைத் தூக்கும் கைகள் மட்டும் இருந்தன. பேசாத மனிதருக்குப் பொருத்தமான படம்!

திரும்பிவந்த விமானத்தில் ஜனாதிபதி பெர்த்தினியும் ஸோஃபும் ஒரு ஜோடி, பெயர்ஸோத்தும் காவுஸியோவும் மறு ஜோடி எனச் சீட்டாடிய புகைப்படம் இன்றும் இத்தாலியில் பிரபலம்.

பயிற்சியாளர் வேலை அவ்வளவு கருணை காட்டவில்லை. 1990-ல் யுவெண்டஸுக்கு ஒரே சீசனில் இத்தாலியக் கோப்பையும் யுஇஎஃப்ஏ கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும், புதிய நிர்வாகம் வேறு ஆளைக் கொண்டுவந்தது. லாஸியோ போனார். பிறகு தேசிய அணி. 2000 யூரோ இறுதிப் போட்டியில் பிரான்ஸுக்கு எதிராகக் கோப்பை கைக்கு எட்டிவிட்டது. ஆட்ட நேரம் முடியும் கடைசி விநாடிகளில் வில்தோர் சமன் செய்தார், த்ரெஸகே தங்க கோல் அடித்தார். 'ஜிதானை மார்க் செய்யத் தெரியாதா?' என்ற ரீதியில் அரசியல்வாதி பெர்லுஸ்கோனி பகிரங்கமாகத் தாக்கினார். வாதாடவில்லை ஸோஃப். போட்டி முடிந்த இரண்டாம் நாள் ராஜினாமா செய்தார். ஃப்ரியூலிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

2005-ல் கடைசியாக ஒரு அணி அவரை அழைத்தது. லீக்கிலிருந்து கீழே இறங்கும் ஆபத்தில் இருந்த ஃபியோரெண்டினா. முதல் போட்டியில் ஐந்து கோல் போட்ட அதே அணி. கடைசி நாள் போட்டியில் பிரேஷாவை 3-0 என ஜெயிக்கவைத்து, அதைக் கரை சேர்த்துவிட்டுத்தான் பயிற்சியாளர் வேலையை முடித்துக்கொண்டார்.