அத்தையின் இங்கிலீஷ்

எங்கள் பாபநாசம் பக்கத்துக்கும் இங்கிலீஷுக்கும் ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதோ இருக்கும் வலங்கைமானில் 1869-ல் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே அசந்து போனார்கள். ‘வெள்ளி நாக்கு’ என்று அவருக்குப் பெயர். சின்ன வயதில் என் அத்தை அதை அப்படியே நம்பி, “வெள்ளி டம்ளரே அந்தச் சூடு சுடறதே, அவர் எப்படிக் காப்பி குடிச்சிருப்பார்?” என்று கேட்டாளாம்!

அத்தையின் இங்கிலீஷும் அந்த ரகந்தான். தமிழை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைப்பாள். லண்டன் பேரனிடம் பேசி முடித்து டெலிபோனை வைக்கும்போது, “ஐ வில் கோ அண்ட் கம்” என்பாள். அவன் சிரிப்பான். சிரிக்க என்ன இருக்கிறது? மொட்டையாக, “போகிறேன்” என்று சொல்ல நம் வீடுகளில் விடுவார்களா? அவர்களுடைய ‘குட் பை’யும், ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்ற பழைய வாழ்த்து தேய்ந்து வந்ததுதானே!

உறவு முறையைக் கேட்கவே வேண்டாம். கொழுந்தன், மைத்துனன், சகலை எல்லோருக்கும் அங்கே ஒரே ‘பிரதர் இன் லா’. நம்மவர்கள் சகலையைக் ‘கோ பிரதர்’ ஆக்கினார்கள். ஓரகத்தி ‘கோ சிஸ்டர்’ ஆனாள். ‘கஸின் பிரதர்’ என்றால் பண்டிதர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். பெரியப்பா பிள்ளை அண்ணன். அத்தை பிள்ளையோ முறை மாப்பிள்ளை. இருவரையும் வெறும் ‘கஸின்’ என்று சொல்லி வைத்தால் கல்யாணப் பேச்சு என்ன ஆவது?

போன வருஷம் அத்தை லண்டனுக்குப் போயிருந்தாள். அத்தங்காளுக்கு அங்கே இரவு வேலை. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் உத்தியோகம். விடியற்காலையில் வந்து, நின்றபடியே ஆறிப்போன ரொட்டியை விழுங்கிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாள். அதைப் பார்த்துப் பார்த்து அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார்.

“மை ஸ்டமக் இஸ் பர்னிங்.”

எப்போதிலிருந்து?

“ஆஃப்டர் ஸீயிங் மை டாட்டர்.”

டாக்டர் அமிலத்துக்கு மாத்திரை எழுதினார். அவர் பேரில் குற்றமில்லை. அவர் பாஷையில் அதற்கு அதுதான் வைத்தியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தங்காளுக்குத்தான் அது தமிழாகக் காதில் விழுந்தது. எல்லோர் எதிரிலும் குழந்தை மாதிரி அழுதுவிட்டாளாம்.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கினாள். இரண்டு வாரத்தில் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். சம்பளம் சற்றுக் குறைச்சல்தான். இட்லி மாவே புளிக்காத அந்தக் குளிரில் அத்தை மேற்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள்.