ஆறு மணி வெளிச்சம்

2024 அக்டோபர் 16, புதன்
டிவியில் இன்னும் ரெட் அலர்ட். மழை நேற்றே கொட்டித் தீர்த்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் வானம் மொத்தமும் சாம்பல். எதற்கும் நிழல் இல்லை. பாலத்தருகே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். டிரைவர் அண்ணன் முணுமுணுத்தார். அலையாத்தி வேர்களில் போன டிசம்பர் புயல் வெள்ளத்தில் கலந்த எண்ணெயின் கறை இன்னும் போகவில்லை. அதை மட்டும் எடுத்தேன். காலில் சேற்றுப்புண் எரிகிறது.

நவம்பர் 10, ஞாயிறு
அண்ணாமலைச்சேரி. பூநாரை இல்லை. ஏரி நிறைந்து கிடக்கிறது. கால் ஊன்ற முடியாத ஆழத்தில் அதற்கு என்ன வேலை? தண்ணீர் வடிய வேண்டும். தெரிந்தேதான் போனேன்.
திரும்பும்போது மீன்கார ஆயா பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, கொக்கு குருவியெல்லாம் புடிக்கிற, என் ஊட்டைப் புடிச்சிக் குடேன்." எங்கே ஆயா என்றேன். துறைமுக மதில் பக்கம் கை நீட்டினார். "அதோ பெரிய லைட் எரியுதே, அங்கதான்."
மதிலை எப்படி எடுப்பது?

நவம்பர் 30, சனி
ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிப் பக்கம் கரை கடக்கிறதாம். இங்கே சவுக்குத்தோப்பு இரைகிறது. கேமராவை அரிசி டின்னில் போட்டு மூடினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுவே அதிசயம்.
போன வருஷ மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பார்த்த கூழைக்கடா ஞாபகம். வயிறெல்லாம் எண்ணெய். இறக்கையை விரிக்கும், மடக்கும், மறுபடி விரிக்கும். அந்தப் படத்தை யாருக்கும் காட்டியதில்லை. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு
மார்கழியில் ஆறு மணிக்குக் கிழக்கு வெளுக்கத்தான் தொடங்குகிறது. சூரியன் வர இன்னும் அரை மணி. நைட் ஷிப்டுக்கு இந்த மாதம்தான் கூலி.
ஆற்றில் இருளர் அக்கா ஒருவர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தளவு தண்ணீர். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவுகிறார். கிடைத்ததும் கை மேலே வராமலே பறிக்குள் போகிறது. புகைப்படக்காரர் பழனி குமார் படங்களில் பார்த்த அதே வேலை. கேமராவைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். பறியை விடாமல் தலையசைத்தார். நானும் இறங்கினேன். ஐயோ, குளிர். இடுப்பு வரை விறைத்துப்போனது. கரையில் நின்று எடுத்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்காது.

2025 ஜனவரி 19, ஞாயிறு
செத்த ஆமைகள். பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. இழுவலையில் மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாது. சென்னைக் கரை முழுக்க நூற்றுக்கணக்கில் என்று பேப்பரில் வருகிறது. அடும்புக்கொடி ஓர் ஆமையின் மேல் ஏறிக் கிடந்தது. கொடியில் ஊதாப்பூ.
வெளிச்சம் அழகாக இருந்தது. அதுதான் கோபம்.

பிப்ரவரி 16, ஞாயிறு
வந்துவிட்டன. பூநாரைகள் வந்துவிட்டன.
தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிந்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் போட்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி மேய்கின்றன. இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதிக்கின்றன. ஒரு படகு மோட்டாரைப் போட்டதும் மொத்தக் கூட்டமும் கிளம்பியது. அதுவரை வெள்ளையாக நின்ற கூட்டம், இறக்கை விரிந்ததும் உள்ளே அத்தனை சிவப்பு.
காட்டுயிர்களை மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். இதைப் பார்த்தும் எப்படி முடிந்தது? வீட்டுக்கு வந்து ஒரு படத்தை நிறம் நீக்கிப் பார்த்தேன். கழுத்து வளைவு மட்டும் நின்றது. முடிந்திருக்கும்.
தோள்பட்டை வலி. சந்தோஷம்.

மார்ச் 16, ஞாயிறு
பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. ஆறரை மணிக்கே தரையில் நீள நிழல். உள்ளான்கள் ஈர மணலில் ஓடுகின்றன, ஒன்றும் சரியாக விழவில்லை.
ஆயா: "என் ஊடு?"
இன்னும் இல்லை ஆயா.

ஏப்ரல் 15, செவ்வாய்
தடைக்காலம், ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்குத்தான். இங்கே ஃபைபர் படகுகள் போகின்றன. சூரியன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. எனக்கு எதுவும் மிச்சமில்லை. டே ஷிப்ட் கேட்கலாமா?

மே 18, ஞாயிறு
கத்திரி. கேட்டைத் தாண்டும்போதே முகத்தில் அறைகிறது. வானமும் கடலும் ஒரே வெளுப்பு. சவுக்கு இலையெல்லாம் தூசி. ஆயாவுக்காக மதில் பக்கம் கேமராவைத் தூக்கினேன். காவலாளி ஓடிவந்து அழிக்கச் சொன்னார். அழித்தேன். அவர் என்னைவிடச் சின்னப் பையன். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.
போதும். இனி எடுக்க மாட்டேன்.

மே 19, திங்கள்
பாலத்தில் இறங்கினேன். கழியின் மேல் நீர்க்காகம் இறக்கை காயப்போட்டிருந்தது. நிறைய எடுத்தேன். வெளுத்த வானத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு.

ஜூன் 8, ஞாயிறு
ஆயாவின் பேரன் படகில் ஏற்றிக்கொண்டான். கடலிலிருந்து கரையை நான் பார்த்ததே இல்லை. அலைத்தடுப்புக் கற்கள், கிரேன்கள், வடக்கே மணல் அரித்துப்போன கரை. வயிறு புரட்டியது. "எங்கே உங்க ஊர்?" அவன் பிறக்கும் முன்பே ஊர் மாறிவிட்டது. தெரியாது அண்ணே என்றான். கிரேனுக்கும் கல்லுக்கும் நடுவே வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு
பொன்னேரி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆயா நெடுநேரம் பார்த்தார். "கோயில் எங்க?" என்றார். படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இத்துல ஒண்ணும் தெரில. என்னையும் போட்ல கூட்டினு போ. நான் காட்றேன், நீ புடி."
மேல்காற்று பலமாக அடிக்கிறது. ஆயாவுக்கு முட்டி வலி வேறு. பேரனிடம் கேட்க வேண்டும். காற்று அடங்கினால் அடுத்த வாரம்.