பெயர்ப் பட்டியல்

1953 இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவசப் பகலுணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தாலைக் கற்பிக்கையில் நாம் அரிசியைப் பற்றியே பேசுவோம். பிள்ளைகள் இழந்த பணிசு நம் நினைவில் வருவதில்லை.

2022 இல் காலைக் கூட்டத்தில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தபோதே அது வந்தது.

"சாப்பிட்டாயா?" என்றோம்.

"ஓம், சேர்."

பொய்யென்பது தெரிந்தே இருந்தது. நன்கொடையாய்க் கிடைத்த அரிசி சிறிதளவே. ஆகவே வறிய பிள்ளைகளின் பட்டியலொன்று எழுதத் தொடங்கினோம். அவள் பெயர் தர மறுத்தாள். தன் வறுமையைப் பத்து வயதுப் பிள்ளை சபையில் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! நம் மடமையை என்னென்பது? பட்டியலைக் கிழித்தோம். கஞ்சியைச் சற்று நீர்த்ததாகக் காய்ச்சி, வகுப்பு முழுவதற்கும் வார்த்தோம், நமக்குந்தான்.

அன்று அவள் இரண்டாம் முறையும் பேணியை நீட்டினாள்.