நடுநாட்டில் நின்று ஒரு பாஸ்!

'கள்ளக்குறிச்சி போயிருக்கீங்களா?' என்று ஆபீஸில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'ஓ, எத்தனையோ தடவை!' என்பார்கள். 'இறங்கியிருக்கீங்களா?' என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். திருதிருவென்று விழிப்பார்கள்!

சென்னையிலிருந்து சேலம் போகிற பஸ், உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நமக்கு அது பாதித் தூக்கத்தில் கடந்த ஊர். பைபாஸ் வந்த பிறகு அந்தக் கொஞ்சநஞ்சத் தரிசனமும் போச்சு.

இது இன்றைக்கு நேற்றைய கதை இல்லை சார். வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு, இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் இந்தப் பக்கத்துக்குப் பழைய பெயரே 'நடுநாடு'. காஞ்சிபுரத்துக்குப் பட்டு, தஞ்சாவூருக்குப் பெரிய கோயில் என்று சொல்லிவிடலாம். நடுநாட்டுக்கு? இந்த ஊர் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். பூஜை அறைப் பிள்ளையார் எந்த ஊர் உளியில் பிறந்தார் என்று யார் விசாரிக்கிறார்கள்?

கால்பந்திலும் இப்படி ஒரு ஜீவன் உண்டு. மிட்ஃபீல்டர்! முன்னால் நிற்பவர் கோல் போட்டால் மாலை. கோல்கீப்பர் பாய்ந்து பிடித்தால் பேப்பரில் போட்டோ. நடுக்களத்தில் நிற்பவர் மட்டும் முன்னே ஓடுவார், பின்னே ஓடுவார், பந்தைப் பறிப்பார், இன்னொருவருக்குக் கொடுப்பார். ஒரு மேட்ச்சில் அவர் ஓடுகிற தூரம் சுமார் 10 கிலோமீட்டர். அதாவது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, கோமுகி அணைக்குப் பாதி வழிக்கு மேல் ஓடியாகிவிட்டது. மறுநாள் பேப்பரில் அவர் பெயர் இருக்காது.

அப்படி ஓடிய ஒரு தமிழர், பக்கத்துச் சோழநாட்டுக்காரர். தஞ்சாவூர் குலோத்துங்கன். அந்தக் குலோத்துங்கச் சோழன் கலிங்கத்துக்குப் படை அனுப்பினான். இந்தக் குலோத்துங்கன் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு தானே கிளம்பி, கலிங்கத்தையும் தாண்டி கொல்கத்தாவுக்கே போய்விட்டார்!

அங்கே ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய கிளப்புகள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ரசிகர் வீட்டில் ஹில்சா மீன். மோகன் பகான் ஜெயித்தால் இறால். சமையலறை வரை கட்சி பிரிந்த ஊர் அது. குலோத்துங்கன் இந்த மூன்று கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். நம் ஊர்க் கணக்கில், மூன்று கட்சியிலும் எம்.எல்.ஏ.வாக இருந்த மாதிரி. ஒரு வித்தியாசம்: இவர் தாவியதை யாரும் துரோகம் என்று சொல்ல முடியாது. கான்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த கிளப். அதுதான் அந்தப் பிழைப்பு.

சரி, மலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் கச்சிராயபாளையம் தாண்டியதும், காட்சி மாறுகிறது. இதுவரை கரும்பு, நெல். இனி கோமுகி அணை, அதற்குப் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் கல்வராயன் மலை. கோமுகி ஆறு இந்த மலையில் பிறக்கிறது. கீழே இறங்கி மணிமுத்தாற்றுக்குப் பாஸ் கொடுக்கிறது. மணிமுத்தாறு வாங்கி வெள்ளாற்றுக்குக் கொடுக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை வரை ஓடிப்போய் வங்கக்கடலில் கோல் போடுகிறது. மேப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது யார் பெயர்? வெள்ளாறு!

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கி ஏறுகிறது. ஜன்னலோர ஸீட் கிடைத்தால் பாக்கியம். எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் பெரும் பாக்கியம். கரியாலூர் வந்ததும் காற்றில் ஒரு குளிர்ச்சி. ஊட்டி மாதிரி ஸ்வெட்டர் குளிர் இல்லை. மின்விசிறியை மறக்கிற அளவுக்கு ஒரு குளிர். சரிவெல்லாம் மரவள்ளி, சாமை, தினை. நடுநடுவே புளியும் கடுக்காயும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வழியில் யாராவது 'நாங்க மலையாளிங்க' என்றால், உடனே 'சுகந்தன்னே?' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளி. பழங்குடி மக்கள். பேசுவது சுத்தமான தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை. 1976 வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருடம் கழித்துத்தான் அந்த ஆட்சி முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலோத்துங்கன் அந்த இன்னொரு மலையாளிகளிடமும் போய் ஆடியிருக்கிறார். கிளப் பெயர் விவா கேரளா. அதற்கு முன் மும்பை எஃப்.சி. இரண்டையும் இப்போது தேடினால் கிடைக்காது. விவா கேரளா 2011-இல் சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாறி, சீக்கிரமே காணாமல் போனது. 2007-இல் தொடங்கிய மும்பை எஃப்.சி. 2017-இல் கடையைக் கட்டியது. முன்பு வேலை பார்த்த கம்பெனியே இல்லாமல் போனால், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுக்கு எங்கே போவது? பிரைவேட் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இந்த வலி புரியும்.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். மழை இருந்தால் சொந்தக் காடு. மழை நின்றால் பையைக் கட்ட வேண்டியதுதான். கேரளத்தில் மிளகு பறிக்க, கர்நாடகத்தில் காபித் தோட்டத்துக்கு, வேறெங்காவது கட்டட வேலைக்கு. மேஸ்திரி வருவார், முன்பணம் கொடுப்பார், ஸீஸன் முடிந்தால் திரும்புவார்கள். அடுத்த ஸீஸனுக்கு வேறு மேஸ்திரி, வேறு ஊர். கால்பந்துக் கிளப்பும் இதையேதான் செய்கிறது. மேஸ்திரிக்குப் பதில் மேனேஜர், அவ்வளவுதான்!

வெள்ளிமலைப் பக்கம் பையன்களுக்கு விளையாட்டு ஆசைக்குக் குறைவில்லை. குறைவு, சமதரைக்குத்தான். ஃபுட்பால் மைதானம் என்றால் குறைந்தது 90 மீட்டர் நீளமாவது சமமாக வேண்டும். மலையில் அவ்வளவு சமதரை கிடைத்தால் மரவள்ளி நட மாட்டார்களா? சரிவில் ஆடினால், மேல்பக்கம் நிற்கிற டீமுக்கு லாபம். பந்து கோட்டைத் தாண்டினால் கோமுகி அணையில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

ஓடி ஓடி குலோத்துங்கன் கண்டது என்ன? 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப். ஈஸ்ட் பெங்கால் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவை 3–1 என்று வீழ்த்தியது. இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டில் வாங்கிய மிகப் பெரிய கோப்பைகளில் அது ஒன்று. கோல் போட்டவர்கள் மைக் ஒகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, அல்விட்டோ டி குன்ஹா. அந்த அணியில் நம் தஞ்சாவூர்க்காரரும் இருந்தார் என்பது தஞ்சாவூரிலேயே பல பேருக்குத் தெரியாது. அடுத்து 2003–04 தேசிய லீக் கோப்பையும் ஈஸ்ட் பெங்காலுக்கே. டி.வி. வெளிச்சத்தோடு ஐ.எஸ்.எல். வந்தது 2014-இல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

குலோத்துங்கன் பெயர் கடைசியாகப் பேப்பர்களில் வந்தது 2018 ஜனவரியில். தஞ்சாவூரில் இரு சக்கர வாகன விபத்து. போய்விட்டார். அன்றைக்குத்தான் பல பேர், 'அட, நம்ம ஊர்க்காரரா!' என்றார்கள்.

ஊருக்கும் இதே விதிதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திரும்பிப் பார்க்காத நாடு, 2024 ஜூனில் பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயம், கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ரோடு, ரேஷன், ஆஸ்பத்திரி என்று கேள்வி மேல் கேள்வி. கேட்டது நல்ல விஷயம். ஆனால், சாவு விழுந்தால்தான் நடுவில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவானா?

அடுத்த தடவை டி.வி.யில் மேட்ச் ஓடினால், ஒரு ஐந்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு, நடுவில் நிற்பவரை மட்டும் பாருங்கள். பந்து இல்லாதபோதும் அவர் சும்மா நிற்க மாட்டார். அடுத்து வரப்போகும் பந்துக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்.

சேலம் பஸ் ஏறினால், டிக்கெட்டைக் கள்ளக்குறிச்சிக்கே எடுங்கள். ஒரு சனி, ஞாயிறு போதும். மழை முடிந்த மாதங்களில் போனால் மேகம் அருவியில் தண்ணீர் இருக்கும், வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவியிலும் குளிக்கலாம். திரும்பும்போது ரோட்டோரம் மலைப் பெண்கள் கூறு கட்டி விற்கிற புளியையோ சாமையையோ வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் மட்டும் வேண்டாம் சார்!