வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். சனிக்கிழமை காலை பத்தரை. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில்தான் இடம் கிடைக்கும். நேற்றைய விருந்தின் ரசவாடை இன்னும் போகவில்லை. அத்தையின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

தை மாதம் வகுப்பு தொடங்கியபோது ஆறு பேர். இன்று எண்ணினேன், பத்தொன்பது. அத்தை ஆடி வரைக்கும் வீட்டில் "எக்ஸர்சைஸ் கிளாஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் ஆட்டம் என்றால் மருமகள் என்ன நினைப்பாள்? இப்போது கீழ்வீட்டுக்காரியிடம் அவளே "டான்ஸ் தெரபி" என்கிறாள், 'தெரபி'யைக் கொஞ்சம் அழுத்தி.

நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பரதம் கற்றவள் என்று நிற்கிற நிலையிலேயே தெரிகிறது. அதை மறைக்கப் பாடுபடுவதும் தெரிகிறது. "இதுக்கெல்லாம் படிப்பு இருக்காம்மா?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகமும் கொல்கத்தாவின் சன்வேத் அமைப்பும் சேர்ந்து டிப்ளமா நடத்தியதைச் சொன்னாள். சோகினி சக்கரவர்த்தி 2004இல் தொடங்கியது சன்வேத். கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்குத் தங்கள் உடம்பு தங்களுடையதுதான் என்ற நம்பிக்கையை அசைவு வழியே திரும்பக் கொடுக்கிற வேலை. அதற்கும் முன்னால், 1942இல், மேரியன் சேஸ் என்கிற நடனக்காரி வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனைக்குள் போனார். பேச்சை விட்டுவிட்ட நோயாளிகளோடு அசைந்துதான் பேசினார். "அப்ப சர்டிபிகேட் உண்டு" என்று தலைமையாசிரியை திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

கும்மியும் சாமியாட்டமும் இதுதானே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இருக்கலாம். ஆனால் நம் ஆட்டங்களில் ஆடத் தெரிந்தவர் முன்னால், தெரியாதவர் பின்னால். நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டினால் பிள்ளை ஆடும். இங்கே தலைகீழ். பிள்ளை எதைச் செய்கிறதோ அதை நட்டுவனார் செய்கிறார். அத்தை பெருமூச்சுவிட்டுத் தோளை இறக்கினால், அந்தப் பெண்ணும் தோளை இறக்குகிறாள். அதே கனத்தோடு. பிறகு வட்டமே இறக்குகிறது. தன் பெருமூச்சை மற்றவர்கள் உடம்பில் பார்த்த அத்தை முதல் நாள் அழுதுவிட்டாள். கைக்குட்டை என்னிடம்தான் இருந்தது.

வட்டத்தில் ஒருவர் மட்டும் அசையமாட்டார். ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு பேச்சு நின்றுவிட்டது. மகள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். நான்கு வாரமாக அவர் பார்ப்பதெல்லாம் சுவரில் மாட்டிய கைகழுவும் தொட்டியைத்தான். யாரும் அவரை வற்புறுத்தியதில்லை.

இன்று அவருடைய வலது கை முட்டியின் மேல் மெல்லத் திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. நானாக இருந்தால் நடுக்கம் என்று நினைத்திருப்பேன். அந்தப் பெண் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணாடிபோலத் தன் இடது கையைத் திருப்பினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பது பேரும் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தார்கள். டேப்பில் ஓடிய புல்லாங்குழலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அவர் தொட்டியை விட்டுக் கண்ணை எடுத்தார். அவள் கையைப் பார்த்தார். வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நான் டைட் பண்றேன்மா," என்றார், கரகரத்த குரலில். "நீங்கல்லாம் கழட்டிட்டு இருக்கீங்க."

அவள் கையை மாற்றிக்கொண்டாள்.